சுபிட்சம் என்னும் நிபந்தனை: யோகியின் உணவும் புசா ரோடும்

'சுபிட்சம்' என்ற சொல் இன்றைய தமிழில் பொதுவான செழிப்பையே குறிக்கிறது. நாடு சுபிட்சமாக இருக்கிறது என்றால் மழை பொய்க்கவில்லை, களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்று பொருள் கொள்கிறோம். ஆனால் அச்சொல்லின் உடலுக்குள் 'பிட்சை' ஒளிந்திருக்கிறது. பிச்சை எளிதில் கிடைக்கும் நிலைமையே சுபிட்சம். அரிதாகும் நிலைமை துர்பிட்சம், அதாவது பஞ்சம். பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை, யோகி தன் சிறு குடிலை எங்கே அமைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறும் இடத்தில் இச்சொல்லை அதன் மூலப்பொருளிலேயே ஆள்கிறது. நல்லாட்சி நடக்கும் நாடு, அறம் நிலவும் பகுதி, பிச்சை தாராளமாகக் கிடைக்கும் ஊர், தொல்லைகள் இல்லாத இடம் என நிபந்தனைகள் வரிசையாக வருகின்றன. ஆசனமும் பிராணாயாமமும் அதன் பிறகே பேசப்படுகின்றன.

யோகப் பயிற்சிக்கு உகந்த உணவு எது என்ற கேள்வி இன்று ஒரு தனிமனிதத் தேர்வாகவே முன்வைக்கப்படுகிறது. காலையில் என்ன உண்பது, எதைத் தவிர்ப்பது, பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் முன்பு உண்பது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. அந்நூல் முதலில் கேட்பது வேறு: அந்த ஊரில் உணவு இருக்கிறதா? இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, தில்லியில் மிகப் பொருத்தமான இடம் ஓர் ஆசிரமமோ யோகப் பள்ளியோ அன்று. கரோல் பாகிலிருந்து பட்டேல் நகரை நோக்கிச் செல்லும் புசா ரோடுதான் அது.

அச்சாலை தன் பெயரைப் பீகாரிலிருந்து பெற்றது. கர்சன் பிரபு காலத்தில், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த 30,000 பவுன் நன்கொடையின் துணையோடு, 1905ஆம் ஆண்டு அன்றைய தர்பங்கா மாவட்டத்துப் புசாவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஃபிப்ஸின் பெயரையும் அவர் நாட்டின் பெயரையும் சுருக்கியே 'புசா' என்றானது எனப் பலர் இன்றும் சொல்வதுண்டு. கேட்கச் சுவையான கதை. ஆனால் ஃபிப்ஸின் பணம் வருவதற்கு முன்பே அந்தப் பண்ணைக்கும் ஊருக்கும் அதுவே பெயர். 1934 ஜனவரி 15 அன்று நேர்ந்த பெரும் பூகம்பம் நிறுவனத்தின் கட்டடங்களைச் சிதைத்தது. 1936இல் நிறுவனம் தில்லிக்குப் பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்தது. இன்று தலைக்குமேல் மெட்ரோவின் நீலத் தடம் ஓட, கீழே பயிற்சி நிலையங்களும் மருத்துவமனைகளும் நெருக்கியடிக்கும் அந்தச் சாலைக்கு அப்பால், பெருநகரின் நடுவே கோதுமை வயல்கள் இருப்பதை முதன்முறை காண்பவர் நம்பத் தயங்குவர்.

யோகியின் உணவுப் பட்டியல் ஒருபுறம் இருக்க, அதிலுள்ள ஒவ்வொரு தானியத்தையும் பயறையும் மறுபடி உருவாக்கிய வயல் அது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் பட்டியலின் வரலாறு துலங்குகிறது.

முதலில் பட்டியல். பிரதீபிகை யோகிக்கு ஏற்றவை என்று சொல்பவை கோதுமை, சாலி நெல், வாற்கோதுமை, அறுபது நாளில் விளையும் நெல், பால், நெய், வெண்ணெய், கற்கண்டு, தேன், சுக்கு, புடலை இனத்துக் காய், ஐந்து வகைக் கீரைகள், பாசிப்பயறு முதலியன, மழைநீர். அறுபது நாள் நெல்லைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அறுபதாம் குறுவை நினைவுக்கு வரும். விலக்கப்பட்டவற்றின் வரிசை இன்னும் நீளமானது: கசப்பு, புளிப்பு, உறைப்பு, உப்பு, சூடு மிக்கவை, எண்ணெய், எள், கடுகு, கள், மீன், இறைச்சி, தயிர், மோர், கொள்ளு, இலந்தை, பிண்ணாக்கு, பெருங்காயம், பூண்டு.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால் இன்றைய 'சாத்விகச் சமையல்' என்ற பொதுப்புரிதல் தடுமாறுகிறது. வெங்காயமும் பூண்டும் நீக்கிய சமையலறைகள் அவற்றின் இடத்தைப் பெருங்காயத்தைக் கொண்டே நிரப்புகின்றன. நூலோ பூண்டையும் பெருங்காயத்தையும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிறுத்தி இரண்டையும் விலக்குகிறது. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பிரிப்பது உண்மை. ஆனால் அங்கே சுவையும் தன்மையும் விளைவும்தான் பேசப்படுகின்றன. வெங்காயம் என்றோ பூண்டு என்றோ பெயர் சுட்டிய விலக்கு அந்தச் சுலோகங்களில் இல்லை. கீதையின் குணப்பகுப்பு, ஹடயோக நூல்களின் பத்தியப் பட்டியல், கோயில்களிலும் மடங்களிலும் வழங்கிய சமையல் மரபு ஆகிய மூன்றும் வெவ்வேறு ஊற்றுகள். பிற்காலத்தார் அவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டு, அந்தக் கலவைக்கு ஆதிப் பழமையை உரிமை கொண்டாடினர்.

பட்டியலைவிட முக்கியமானவை, அதைச் சுற்றி அதே நூல் சொல்லும் மூன்று செய்திகள். பெரும்பாலும் இவை மேற்கோள் காட்டப்படுவதில்லை. ஒன்று, மிதாகாரத்தின் இலக்கணம்: நெய்ப்பும் இனிமையும் உள்ள உணவை, வயிற்றில் கால்பங்கு காலியாக விட்டு உண்ண வேண்டும். மிதாகாரம் என்பதைப் பட்டினி என்று மொழிபெயர்ப்பது பிழை. நெய் சேர்ந்த, இனிய உணவு என்பதே அதன் இலக்கணத்தின் முதற்பாதி. இரண்டாவது செய்தி இதை உறுதிசெய்கிறது: தொடக்க நிலையில் யோகி தவிர்க்க வேண்டியவற்றுள் நோன்பையும் விடியற்காலைக் குளியலையும் நூல் சேர்க்கிறது. உடலை வருத்துவது பயிற்சிக்குப் பகை என்பதே அதன் நிலைப்பாடு. மூன்றாவது, பிராணாயாமம் பேசும் இரண்டாம் உபதேசத்தில் வருகிறது. பாலும் நெய்யும் கலந்த உணவு பயிற்சியின் தொடக்க காலத்துக்கே. பயிற்சி உறுதிப்பட்ட பின் அத்தகைய கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதாவது நூல் தன் விதிக்குத் தானே காலவரையறை விதிக்கிறது. பின்வந்தோர் வரையறையை மறந்து விதியை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இடவரையறையும் உண்டு. ஏறத்தாழ 1700ஐ ஒட்டி எழுந்த கேரண்ட சம்ஹிதை தன் ஐந்தாம் உபதேசத்தில் வேறொரு பட்டியலைத் தருகிறது. பாசிப்பயறோடு உளுந்தும் கடலையும் அங்கே ஏற்கப்படுகின்றன. வாழையும் சேம்பு இனத்துக் கிழங்கும் வருகின்றன. மசூர்ப் பருப்பு விலக்கப்படுகிறது. அந்நூல் வங்காளப் பகுதியில் தோன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அதன் காய்கறிகளும் ஒரு சான்று. ஆக, பட்டியல் என்பது ஒரு நிலப்பகுதியின் சந்தை. அந்தந்த ஊரில் விளைந்ததை வைத்தே அந்தந்த ஆசிரியர் எழுதினார். வயிற்றின் பாதியை உணவுக்கும் கால்பங்கை நீருக்கும் எஞ்சியதைக் காற்றுக்கும் ஒதுக்கும் அளவு மட்டும் எங்கும் செல்லும். ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்திலும் இதை ஒத்த பகுப்பு இருப்பதால் அது யோகிகளுக்கே உரிய கண்டுபிடிப்பும் அன்று.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பிச்சையேற்று உண்பவருக்குப் பட்டியல் எதற்கு? கிடைத்ததை உண்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இம்மறுப்பு வலுவானது. மடங்களில் தங்கிய யோகிகளுக்கும், செல்வர் ஆதரவில் வாழ்ந்தோருக்கும் சமைத்துப் போட ஆட்கள் இருந்திருப்பர் என்று கொண்டால் ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் அந்த விடையும் கேள்வியை வேறிடத்துக்குத் தள்ளுகிறதே ஒழிய நீக்குவதில்லை. பாலும் நெய்யும் கற்கண்டும் கேட்கும் பட்டியலை நிறைவேற்ற யாரோ ஒருவர் மாடு வளர்க்க வேண்டும், யாரோ ஒருவர் கரும்பாட வேண்டும். ஏறத்தாழ பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தத்தாத்ரேய யோகசாஸ்திரம், அந்தணர், துறவி, பௌத்தர், சமணர், காபாலிகர், சார்வாகர் என எவராயினும் பயிற்சி செய்பவருக்குச் சித்தி உண்டு என்று கதவைத் திறந்து வைக்கிறது. கதவு அனைவருக்கும் திறந்திருந்தாலும் நெய் அனைவர் வீட்டிலும் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் யோகம் குடிலை விட்டு வெளியேறிற்று. 1924இல் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றார். பத்தமடையில் பிறந்து மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிய சிவானந்தர், 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் யோகத்தை ஐந்து அம்சங்களாகச் சுருக்கி மேலை நாடுகளுக்கு எடுத்துச் சென்றபோது, 'முறையான உணவு' அவற்றுள் ஒன்றாயிற்று. அது சைவ உணவு என்றும் வரையறுக்கப்பட்டது. இல்லறத்தாரும் அலுவலகம் செல்வோரும் பயிற்சி செய்யத் தொடங்கிய பிறகே உணவு ஒரு தேர்வாயிற்று. கடைக்குப் போய், காசு கொடுத்து, இதை எடுத்து அதை விடுவதற்கு வாய்ப்புள்ளவர் கேட்கும் கேள்வி அது. பிச்சைப் பாத்திரத்தின் இடத்தில் சந்தைப் பை வந்தது.

இந்த மாற்றம் நிகழ்ந்த அதே பத்தாண்டுகளில் நாட்டின் சுபிட்சம் ஆட்டம் கண்டிருந்தது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். பல உணவகங்கள் அன்றிரவு மூடப்பட்டன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையே பங்கீட்டுக் கடைகளைத் தாங்கியது. அந்த வேண்டுகோளைச் சிலர் விரதமாகவும் ஏற்றனர். எனினும் கால்வயிறு காலியாக இருப்பது தானே விட்டதாலா, இல்லாததாலா என்ற வேறுபாட்டை உடல் அறியாவிட்டாலும் வரலாறு அறியும். மிதாகாரம் என்ற சொல் நிறைவின் நடுவே மட்டுமே பொருள் தரும். பஞ்சத்தில் அளவோடு உண்பதற்கு வேறு பெயர்.

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. அதே ஆண்டு எம். எஸ். சுவாமிநாதன் புசா நிறுவனத்தின் இயக்குநரானார். 1964-65இல் சுமார் 1.23 கோடி டன்னாக இருந்த நாட்டின் கோதுமை விளைச்சல் 1969-70இல் 2 கோடி டன்னைத் தாண்டியது. வந்த குட்டைக் கோதுமைகளுள் ஒன்றான சோனோரா 64இன் மணி சிவப்பு நிறத்தது. சப்பாத்திக்குப் பொன்னிற மணியையே விரும்பிய வட இந்தியச் சமையலறைகள் அதை எளிதில் ஏற்கவில்லை. புசா ஆய்வாளர்கள் கதிர்வீச்சால் திடீர் மாற்றத்தைத் தூண்டி, பொன்னிற மணி கொண்ட 'ஷர்பதி சோனோரா'வை 1967இல் வெளியிட்டனர். யோக நூலின் 'கோதுமை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இன்று நிற்பது ஜப்பானியக் குட்டை மரபணு, மெக்சிகோ வயல், தில்லியின் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் கூடிய பயிர். இதனால் அக்கோதுமை தூய்மை இழந்தது என்று புலம்புவோர் உண்டு. அந்தக் கோதுமை இல்லாதிருந்தால் சுபிட்சம் என்ற முதல் நிபந்தனை எப்படி நிறைவேறியிருக்கும் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

இதற்குக் கொடுத்த விலையும் யோகியின் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சரகர் பயறுகளுள் தலைசிறந்தது என்று போற்றியதும், பிரதீபிகையும் கேரண்டரும் ஒருமித்து ஏற்றதும் பாசிப்பயறுதான். கோதுமையும் நெல்லும் பாசன நிலங்களைப் பிடித்துக்கொண்டபோது பயறுகள் மானாவாரி நிலங்களுக்குத் தள்ளப்பட்டன. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பின் அளவு 1951இல் 60.7 கிராம், 1961இல் 69 கிராம். 2001இல் அது 30 கிராம். நாற்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. பாசிப்பருப்புக் கிச்சடியே பயிற்சியாளருக்கு உத்தமம் என்று நூல்கள் பெருகிய காலமும், பருப்பு ஏழையின் தட்டிலிருந்து நழுவிய காலமும் ஒன்றே. யோக உணவு பற்றிய எழுத்துகளில் இந்த எண்களைக் காண்பது அரிது.

இழப்பைச் சரிசெய்யும் முயற்சியும் அதே வயலிலிருந்துதான் வந்தது. 1971இல் வெளியான 'புசா வைசாகி' என்ற பாசிப்பயறு, கோதுமை அறுவடைக்கும் நெல் நடவுக்கும் இடைப்பட்ட கோடை இடைவெளியில் விளையக்கூடியது. பின்னர் தைவானிலுள்ள உலகக் காய்கறி மையத்தின் விதைச்செல்வத்திலிருந்து 'புசா விஷால்' உருவாயிற்று. ஏறத்தாழ அறுபது, அறுபத்தைந்து நாளில், பருவமழைக்கு முன் காய்களை ஒருசேர முற்றவைத்து நிலத்தை விடுவிக்கும் பயிர் அது. அறுபது நாள் நெல்லைப் பட்டியலில் சேர்த்த சுவாத்மாராமருக்கு அறுபது நாள் பயறும் அன்னியமாகத் தோன்றியிராது.

தானியத்தின் பெயர் ஒன்றாயிருப்பதாலேயே அதன் ஊட்டம் ஒன்றாகிவிடாது என்பதையும் இந்த நிறுவனத்தோடு தொடர்புடைய ஒரு தென்னாட்டு ஆய்வு முன்பே காட்டியிருந்தது. குன்னூரில் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசனும், கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விசுவநாத்தும் இணைந்து 1926இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தொழுவுரம் இட்ட நிலத்தில் விளைந்த சிறுதானியமும் கோதுமையும், இரசாயன உரமிட்ட நிலத்தில் விளைந்தவற்றைவிட ஊட்டத்தில் மேம்பட்டிருந்தன என்பது அதன் முடிவு. அதே விசுவநாத் பின்னர் புசா நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். பட்டியல்கள் 'எது' என்று மட்டுமே கேட்கின்றன. எந்த மண்ணில், எந்த உரத்தில் என்ற கேள்வி அவற்றுக்கு எட்டவில்லை.

புசா ரோட்டுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு ஆய்வாளர்களோடு முடிவதில்லை. அரசுப் பணிக்காகத் தில்லி சென்ற தமிழ்க் குடும்பங்கள் கரோல் பாகைச் சுற்றிக் குடியேறின. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இச்சாலையின் பெயரிலேயே வழங்குகிறது. இக்குடும்பங்களின் அன்றாட உணவைப் பிரதீபிகையின் தராசில் வைத்தால் என்னாகும்? புளி சேர்ந்த குழம்பு விலக்கு. கடுகு தாளிதம் விலக்கு. நல்லெண்ணெய் விலக்கு. பெருங்காயம் விலக்கு. உணவின் முடிவில் வரும் தயிரும் மோரும் விலக்கு. கொள்ளு ரசத்தைச் சொல்லவே வேண்டாம். ஆயினும் தமிழ்நாட்டில் யோகம் பயின்றோர் தலைமுறை தலைமுறையாக மோர்சாதம் உண்டே பயின்றிருக்கின்றனர். நடைமுறை மரபு, நூல் மரபை அமைதியாகப் புறந்தள்ளிய இடம் இது. மரபு என்ற சொல்லுக்கு எழுதப்பட்டதை மட்டுமே பொருளாகக் கொள்வோர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

கொள்ளின் கதை இன்னும் கூர்மையானது. புறநானூற்றின் 335ஆம் பாடல் மாங்குடி கிழார் பெயரில் உள்ளது. வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கைத் தவிர வேறு உணவில்லை என்ற பொருளில் அது பேசுகிறது. ஒரு நிலத்தின் முழுமையான உணவாக மதிக்கப்பட்ட கொள்ளு, இன்னொரு நூலில் கூடாதவற்றின் வரிசையில் நிற்கிறது. வறண்ட மண்ணில் விளைந்து உழவரையும் அவர்தம் எருதுகளையும் காத்த பயறு அது. விலக்குக்கு மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம். கொள்ளு சூடு என்று இன்றும் சொல்வர். ஆனால் ஓர் உணவு 'ஏற்றதல்ல' என்று எழுதப்படும்போது அதை உண்பவரும் சிறிது தாழ்த்தப்படுகிறார் என்பதைச் சமூக வரலாறு மறக்க இயலாது.

பெயரிடுதலின் ஆற்றலை அண்மைக் காலமும் கண்டது. கம்பு, சோளம், கேழ்வரகு முதலியவற்றை அரசுப் பதிவேடுகள் நெடுங்காலம் 'கரட்டுத் தானியங்கள்' என்ற பொருள்தரும் சொல்லாலேயே குறித்துவந்தன. 2018இல் அவற்றுக்கு 'ஊட்டத் தானியங்கள்' என்று மறுபெயர் சூட்டப்பட்டது. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாயிற்று. அவ்வாண்டு மார்ச் 18 அன்று புசா வளாகத்தில் உலகச் சிறுதானிய மாநாடு தொடங்கியபோது அவை 'ஸ்ரீ அன்னம்' என்ற பெயரோடு மேடையேறின. பிரதீபிகையின் பட்டியலில் வாற்கோதுமைக்கும் அறுபது நாள் நெல்லுக்கும் அடுத்து 'நல்ல அன்னம்' என்றொரு திறந்த சொல் இருக்கிறது. எது நல்லது என்று அந்நூல் அங்கே பெயர் சொல்லவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்தே கிடக்கும் அந்த இடத்தில் வரகையும் தினையையும் வைப்பதற்கு நூலில் தடையேதும் இல்லை.

விலக்கப்பட்ட ஒன்றும் இவ்வளாகத்தின் வழியே நாட்டுக்குள் வந்தது. இந்தியா தனக்கு வேண்டிய பெருங்காயத்தை ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்தே வாங்கிவந்தது. 2018இல் புசா வளாகத்திலுள்ள தேசியத் தாவர மரபுவள அமைப்பின் வாயிலாக ஈரானியப் பெருங்காய விதைகள் தருவிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அவற்றின் முதல் நாற்று நடப்பட்டது. வேரிலிருந்து பால் வடிக்கும் அளவுக்கு அச்செடி முதிர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும்.